பெரிய நாய்க்கு ஒரு பிரயாணப் பெட்டி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களிற் சிலர் புன்னகை செய்யக்கூடும். நாய்க்குப் பெட்டியா என்று வியக்கவும் கூடும். கல்முனைக் கரையோரத்தில் பெட்டிகளுக்குக் குறைவில்லை. மீனை ஐஸ் போட்டு அடைத்துக் கொழும்புக்கு அனுப்பும் ரெஜிபோம் பெட்டி உண்டு. மருதமுனை நெசவாளர் சாரத்தையும் சேலையையும் கட்டி அனுப்பும் அட்டைப்பெட்டி உண்டு. முன்னாளில் வீட்டுக்கு வீடு தேயிலைப் பெட்டி ஒன்று நெல்லுக்கோ பழந்துணிக்கோ கொள்கலமாய் மூலையில் கிடந்தது. ஆனால், முப்பத்தைந்து கிலோ நிறையுள்ள ஓர் அல்சேஷன் நாயை உயிருக்குச் சேதமின்றிக் கடல்கடந்து கொண்டுபோகும் பெட்டி வேண்டும் என்று கல்முனைக் கடைத்தெருவில் யாரேனும் கேட்டால், வியாபாரி சிறிது நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிக் கேட்பவர்கள் இன்று உண்டு. பிள்ளைகளிடம் போய்க் குடியேறுவதற்காகக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்படும் குடும்பங்கள் உண்டு. உத்தியோகத்தின் பொருட்டு இப்பகுதிக்கு வந்து சில ஆண்டுகள் தங்கி, நாய் வளர்த்து, தவணை முடிந்து திரும்பிச் செல்வோரும் உண்டு. வீட்டை விற்கலாம், தளபாடத்தைப் பங்கிடலாம். பத்தாண்டுகள் வாசலிற் காவல் கிடந்த நாயை என்ன செய்வது? அயலாரிடம் விட்டுப் போனால் அது உண்ணாமற் கிடந்து மெலியும்; தெருவில் விட்டால் அதன் கதி யாவரும் அறிந்ததே. கொண்டுபோவதென்று தீர்மானித்துவிட்டால் முதல் வேலை பெட்டிதான். விமானச்சீட்டுக்கூட அதற்குப் பிறகே. ஏனெனில் பெட்டியின் அளவு தெரியாமல் எந்த விமானத்தில் இடம் உண்டென்று எவரும் சொல்ல முடியாது.

நாயோடு பிரயாணம் செய்வதைப் பற்றி நம் பகுதி மக்கள் கேட்டறியாதவர்கள் அல்லர். கல்முனைக்கும் மருதமுனைக்கும் நடுவே கிடக்கும் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோவிலிற் பாரதக் கதை இன்றும் ஆண்டுதோறும் உயிர்பெறுகிறது. அக்கதையின் முடிவில் தருமர் ஏறிச் செல்வதற்கு இந்திரன் தேர் வந்து நிற்கிறது. கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு ஏறும்படி சொல்லப்படுகிறது. தருமர் ஏற மறுக்கிறார். மறுபுறம், வெள்ளிக்கிழமை தோறும் நம் முஸ்லிம் ஊர்களிலே ஓதப்படும் கஹ்ஃபு அத்தியாயத்தில், குகையில் உறங்கிய இளைஞர்களோடு ஒரு நாயும் இருக்கிறது. வாசற்படியில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்தபடி அது காவல் கிடக்கிறது. அதற்குக் கித்மீர் என்று பெயரும் வழங்கி வருகிறது. அந்த இளைஞர் எத்தனை பேர் என்று சொல்லப்படும் இடத்திலும் நாயைச் சேர்த்தே எண்ணுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இருந்தபோதிலும், கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வீட்டுக்குள்ளே நாய் வளர்க்கும் வழக்கம் இல்லை என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வட்டையிலே நெற்காவலுக்கு நாய் உண்டு. பன்றி வந்தால் பரணில் இருப்பவனுக்கு முதலில் அறிவிப்பது அதுதான். மாட்டுப் பட்டிக்கும் நாய் உண்டு. வேளாண்மைக்கும் கால்நடைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. பழக்கிய நாய் பிடித்துத் தரும் வேட்டைப்பொருளை உண்ணலாம் என்று மாயிதா அத்தியாயமே கூறுகிறது. ஆனால், இக்கரையோர மக்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலே நாய் கடும் அசுத்தங்களில் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. அதன் ஈரம் பட்ட பொருளை ஏழு முறை கழுவவேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீராற் கழுவவேண்டும். மாலிக் இமாம் அவர்களின் மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானதாகவே கருதப்படுகிறது. எனினும் நம் ஊரின் நடைமுறை ஷாபிஈ நடைமுறையே.

இதை நான் இங்கே ஏன் விரித்துச் சொல்கிறேன்? பெட்டியைச் செய்பவர் ஓடாவியார். அவர் பெரும்பாலும் முஸ்லிம். பெட்டியை ஏற்றிச் செல்லும் வேனின் சாரதியும் பெரும்பாலும் முஸ்லிம். நாயின் சொந்தக்காரர் பெரும்பாலும் கல்முனைத் தமிழ்ப் பகுதியையோ காரைதீவையோ பாண்டிருப்பையோ சேர்ந்தவர். ஆகவே, ஒரு பெட்டி உருவாகிக் கட்டுநாயக்கா போய்ச் சேர்வதற்குள் இந்த மூவரும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விளங்கிக்கொள்ளாவிட்டால் என்ன நேரும்? ஓடாவியார் வேலையை ஏற்கமாட்டார்; அல்லது கூச்சத்தோடு ஏற்றுக்கொண்டு, நாயைப் பாராமலே ஒரு கணக்கில் அடித்துத் தருவார். அந்தப் பெட்டி சிறிதாகிவிட்டால், விமான நிலையத்திலே சரக்குப் பகுதி உத்தியோகத்தர் அதனைத் திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பாமல் ஏற்றிவிட்டால் அது அதனினும் கொடிது. நாய் வழியில் இறக்கலாம்.

இங்கே ஒரு பழைய வரலாற்றைச் சொல்லவேண்டும். 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி சோவியத் நாடு லைக்கா என்னும் நாயை ஸ்புட்னிக் 2 என்ற விண்கலத்தில் வைத்து வானத்துக்கு அனுப்பியது. உலகமெங்கும் வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்து மக்கள் அச்செய்தியைக் கேட்டனர். லைக்கா சிறிய நாய்; ஆறு கிலோ அளவே இருக்கும். அதனை வைத்திருந்த கூண்டு, அது நிற்கவும் இருக்கவும் படுக்கவும் மாத்திரம் இடம் தந்தது, திரும்புவதற்கு இடமில்லை. அது பல நாட்கள் உயிரோடிருந்ததென்றே நெடுங்காலம் எல்லாரும் நம்பினர். 2002ஆம் ஆண்டிலேதான் உண்மை வெளிவந்தது. புறப்பட்ட சில மணி நேரத்துக்குள் கூண்டின் வெப்பம் மிகுந்து அது இறந்துபோயிற்று. காற்றும் உணவும் இருந்தன. கூண்டினுள்ளே சேர்ந்த சூடுதான் அதனைக் கொன்றது. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்னும் இரு நாய்கள் சென்று உயிரோடு திரும்பின என்பது ஆறுதல் தரும் செய்தி.

விண்வெளிக்கும் கல்முனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவேண்டாம். பெட்டியில் அடைத்த நாய்க்கு முதற்பகை சூடு என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும். மனிதனைப் போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்வை வராது. பாதங்களிலே சிறிதளவு வரும், அவ்வளவுதான். வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது தன் சூட்டைத் தணிக்கிறது. மூச்சிரைக்கும் போது வெளிவரும் ஈரக்காற்று பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டால், எவ்வளவு இரைத்தும் பயனில்லை. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38 அரைப் பாகை முதல் 39 பாகை செல்சியஸ் வரை. அது 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூக்குச் சப்பையான சாதி நாய்களுக்கு மூச்சுவழியே குறுகியதாதலால் ஆபத்து இரட்டிப்பு. பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதேயில்லை.

இனிப் பெட்டியின் அளவுக்கு வருவோம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிர்ப்பிராணிகளை ஏற்றுவதற்கென ஒழுங்குவிதிகள் வகுத்துள்ளது. விமான நிறுவனங்கள் அவற்றையே பின்பற்றுகின்றன. நாய்க்கு நான்கு அளவுகள் எடுக்கவேண்டும். முதலாவது, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம், வாலைச் சேர்க்கக்கூடாது. இரண்டாவது, நிலத்திலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டுவரை உயரம். மூன்றாவது, தோள்களின் குறுக்களவு. நான்காவது, நாய் நிமிர்ந்து நிற்கையில் நிலத்திலிருந்து தலையுச்சிவரை உயரம். காது நிமிர்ந்து நிற்கும் சாதியானால் காது நுனிவரை.

பெட்டியின் உள்நீளம் என்பது முதலாம் அளவோடு இரண்டாம் அளவிற் பாதியைச் சேர்த்தது. உள்ளகலம் மூன்றாம் அளவைப் போல இரு மடங்கு. உள்ளுயரம் நான்காம் அளவோடு படுக்கையின் தடிப்பைக் கூட்டியது. உள்ளளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலகையின் தடிப்பை மறந்து வெளியளவிலே கணக்கிட்டுப் பெட்டி அடித்துவிடுவது சாதாரணமாக நேரும் தவறு. மூக்குச் சப்பையான நாயானால் எல்லா அளவையும் பத்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நீளம் 100 சென்ரிமீற்றர், முழங்கை உயரம் 32, தோளகலம் 25, காது நுனிவரை 80 உள்ள ஓர் அல்சேஷன் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் உள்நீளம் 116, அகலம் 50, உயரம் படுக்கைக்கு 5 சேர்த்து 85 சென்ரிமீற்றர். கொழும்பில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளிலே பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன. பொதுவாகப் பெரியதென விற்கப்படும் வகை 102 சென்ரிமீற்றர் நீளமும் 76 உயரமும் உடையது. அது நம் நாய்க்குப் போதாது. அதற்கும் மேற்பட்ட மிகப் பெரிய வகை ஏறக்குறைய 122 நீளமும் 81 அகலமும் 89 உயரமும் கொண்டது. ஆனால் அது வெளியளவு. பிளாஸ்டிக் பெட்டியின் சுவர் மேலே போகப்போக உட்சாய்வதால் உள்ளளவு கணிசமாகக் குறையும். வாங்குமுன் உள்ளே கையை விட்டு அளந்து பார்ப்பது நன்று. கிரேட் டேன் போன்ற மாநாய்க்கு அந்தப் பெட்டியும் உதவாது. 120 சென்ரிமீற்றர் நீளமும் 105 உயரமும் உள்ள நாய்க்கு 140க்கு மேற்பட்ட நீளமும் 110 உயரமும் வேண்டும். அங்கேதான் ஓடாவியாரைத் தேடவேண்டியதாகிறது.

பெட்டிக்கு எந்தப் பலகை? நம் ஊரில் வேம்பும் முதிரையும் நல்ல மரங்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் அவற்றுக்கு இணையில்லை. இந்த வேலைக்கு அவை கூடா. ஒன்று, பாரம். மற்றொன்று, ஒரு நாட்டு மரத்திலுள்ள பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போய்விடக்கூடாதென்பதற்காக, சாமான் அடைக்கும் மரப்பெட்டிகளுக்குச் சர்வதேச விதியொன்று உண்டு. மரத்தின் நடுப்பாகம் 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இடைவிடாது 30 நிமிடம் இருக்குமாறு சூடேற்றி, அதற்குரிய முத்திரை குத்தவேண்டும். முத்திரையில்லாத பச்சைப் பலகைப் பெட்டி இறங்கும் துறையிலே தடுக்கப்படலாம். ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை. பசையும் சூடும் அழுத்தமும் கொண்டு செய்யப்படுவதால் அதிற் பூச்சிக்கு இடமில்லை. ஆகவே 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகையே உகந்தது. எட்டடிக்கு நாலடிப் பலகை இரண்டு வாங்கினால் மேற்சொன்ன அல்சேஷன் பெட்டிக்குப் போதும்; சிறிது மிஞ்சவும் செய்யும். மூலைகளில் வைக்கும் சட்டங்களுக்கு மாத்திரம் முத்திரையிட்ட மரத்தையோ, ஒட்டுப்பலகையையே இரண்டு மூன்றாக ஒட்டியோ பாவிக்கலாம். ஆணி அடிக்காமல் ஸ்குரூ ஆணியும் போல்ட்டும் பூட்டவேண்டும். எந்த ஆணி நுனியும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கலாகாது.

காற்றுக்கு வருவோம், பெட்டியிலே முக்கியமான பகுதி இதுதான். நான்கு பக்கச் சுவர்களின் மொத்தப் பரப்பிலே குறைந்தது நூற்றுக்குப் பதினாறு பங்கு திறந்திருக்கவேண்டும் என்பது விதி. நம் உதாரணப் பெட்டியின் நான்கு சுவர்களும் சேர்ந்து ஏறக்குறைய 28,200 சதுர சென்ரிமீற்றர். அதில் நூற்றுக்குப் பதினாறு 4,500க்குச் சற்று மேல். முன்பக்கம் முழுவதையும் கம்பிவலைக் கதவாக்கினாலும் 4,250தான் கிடைக்கும்! அதுவும் ஒரு பக்கத்துத் திறப்பாற் பயனில்லை. காற்று ஓரிடத்தில் நுழைந்து மற்றோர் இடத்தில் வெளியேறவேண்டும். நம் வீடுகளிலே கடற்காற்றுக்கு எதிரெதிராக ஜன்னல் வைப்பதன் காரணமும் இதுவே. ஆகையால் முன்கதவு வலையாக இருக்க, மற்றைய மூன்று பக்கங்களிலும் மேற்பாகத்திலே திறப்புகள் வைக்கவேண்டும். அவற்றுக்கும் உறுதியான கம்பிவலை போடவேண்டும். வலைக்கண் ஓரங்குலத்தை மீறக்கூடாது. நாயின் மூக்கோ பாதமோ வெளியே வந்தால் காயம்படும், அல்லது பெட்டியைத் தூக்குபவரின் விரல் கடிபடும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. சரக்கறையில் வேறு பெட்டிகள் நெருக்கி அடுக்கப்படும். அவை நம் பெட்டியின் திறப்புகளை அடைத்துவிட்டால் எவ்வளவு நன்றாகத் துளையிட்டிருந்தும் வீணே. எனவே, பக்கங்களில் வெளிப்புறமாகச் சட்டங்களை நீட்டிப் பொருத்தவேண்டும். அவை தூக்குவதற்குக் கைப்பிடியாகவும் அமையும், பக்கத்துப் பெட்டியைத் தள்ளியும் நிறுத்தும்.

இவ்வளவையும் கேட்டு, பெட்டி பெரிதாக இருக்க இருக்க நன்றே என்று எண்ணிவிடக்கூடாது. மிகையான இடம் உள்ள பெட்டியிலே, விமானம் ஏறி இறங்கும்போது நாய் அங்குமிங்கும் சறுக்கி மோதும். செலவும் ஏறும். விமானச் சரக்குக்கு நிறையை மாத்திரம் பார்த்துக் கூலி அறவிடுவதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் நிறையாக மாற்றிக் கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரிற் பெருக்கி 6,000ஆற் பிரிப்பது பொதுவான முறை. நம் பெட்டியின் வெளியளவு சட்டங்கள் உட்பட 122, 56, 95 என்று கொண்டால், அதற்கு 108 கிலோ என்று கணக்காகும். நாயையும் பெட்டியையும் தராசில் வைத்தால் எழுபத்தைந்து கிலோவுக்கு அதிகம் இராது. ஆனாலும் 108 கிலோவுக்கே பணம் கட்டவேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த சிலர்தாம் நாலு அங்குலத்தைக் குறைத்துக் காசை மிச்சப்படுத்த முயல்கிறார்கள். அந்த நாலு அங்குலத்தில் நாய் தலை நிமிர முடியாமற் பத்து மணி நேரம் குனிந்து நிற்கும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

பெரிய பெட்டிக்கு இன்னொரு தடையும் உண்டு. சிறிய விமானங்களின் சரக்கறைக் கதவு தாழ்வானது. உயரமான பெட்டி அதில் நுழையாது. நீண்ட தூரம் செல்லும் அகன்ற விமானங்களில் அடிச் சரக்கறையிலே ஏறக்குறைய 160 சென்ரிமீற்றர் உயரம்வரை இடமுண்டு. வழியிலே சிறிய விமானத்துக்கு மாற்றும் பிரயாணமானால், கடைசி விமானத்தின் கதவு அளவையும் முன்கூட்டியே கேட்டறியவேண்டும்.

இனி, ஓடாவியாரையும் சாரதியையும் பற்றிச் சொல்லவந்ததை முடித்துவிடுகிறேன். இப்படியொரு வேலையை ஒப்புக்கொண்ட ஓடாவியார் ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “சேர், பெட்டி நான் செய்து தாறன். நாயை அளக்கிறது நீங்க. அளவை எழுதித் தாங்க, ஆனா அது நிக்கிறதையும் திரும்புறதையும் நான் வேலிக்கு இங்கால நிண்டு ஒருக்காப் பாக்கோணும்” என்றாராம். அளவு எழுதிய கடதாசியோடு திருப்தியடையாமல், நாய் எப்படித் திரும்புகிறதென்று பார்க்க விரும்பினாரே, அவரே தொழில் தெரிந்தவர். உண்மையில் அவர் கிட்ட வந்திருந்தாலும் பிழையில்லை. உலர்ந்த கையால் உலர்ந்த நாயைத் தொடுவதனால் அசுத்தம் ஒட்டாது, ஈரம் இருந்தால் மாத்திரமே ஒட்டும் என்பது ஷாபிஈ சட்டநூல்களிலும் உள்ளதே. ஆயினும் அவர் மனம் எதை ஒப்புகிறதோ அதுவே அவருக்கு முறை. நாமாக அவருக்குப் பத்வாச் சொல்லப் புறப்படுவது அழகன்று.

வேன் சாரதியின் கவலை வேறு. அவர் அதே வேனில் மறுநாள் கலியாண வீட்டாரை ஏற்றவேண்டியவர். வழியிலே பொலனறுவையிலோ தம்புள்ளையிலோ நிறுத்தித் தொழவேண்டியவர். நாயின் உமிழ்நீரோ சிறுநீரோ வேனின் தட்டிலே வடிந்தால் அவருக்கு அது பெருந்தொல்லை. இங்கேதான் ஒரு வியப்பு. விமான விதியும் இதையே கேட்கிறது! பெட்டியின் அடித்தளத்தில் எந்த ஈரமும் வெளியே கசியக்கூடாது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் படுக்கை இருக்கவேண்டும் என்பது அவ்விதிகளில் ஒன்று. விமானத்தின் அடிப்பாகம் துருப்பிடிக்கும் என்பது அவர்களுடைய காரணம். தொழுகைக்குரிய உடை கெடும் என்பது இவருடைய காரணம். அடித்தட்டிலே நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் மடித்த தகரத் தட்டோ, தடித்த பிளாஸ்டிக் விரிப்போ இட்டு, அதன்மேல் மரத்தூளும் பழைய கம்பளியும் பரப்பினால் இருவருக்கும் நிம்மதி. வைக்கோல் வேண்டாம், தாவரப் பொருளென்று பல நாடுகள் அதனை அனுமதிப்பதில்லை. வேனில் பெட்டிக்கு அடியில் ஒரு தார்ப்பாயும் விரித்துவிட்டால் சாரதி மனங்குளிர்ந்து வருவார். கூலியைப் பேசும்போதே இவற்றைச் சொல்லிவிடவேண்டும். நாய் என்பதை மறைத்து வேன் பிடித்து, வாசலில் வந்து நிற்கையிலே தெரியப்படுத்துவது நாகரிகமன்று.

தாகத்தால் மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியிலே நீர் மொண்டு கொடுத்தவனின் பாவத்தை இறைவன் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன வரலாறு நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலே குழந்தைகளும் அறிந்தது. காலணியை வாயிலே கவ்விக்கொண்டு அவன் கிணற்றிலிருந்து ஏறினான் என்று அவ்வரலாறு சொல்லும். பெட்டியிலும் நீருக்கு வழி செய்தாகவேண்டும். கதவைத் திறவாமலே வெளியிலிருந்து ஊற்றத்தக்கதாகக் கதவின் உட்புறத்தில் இரண்டு கிண்ணங்களைப் பொருத்துவது விதி. ஒன்று நீருக்கு, ஒன்று உணவுக்கு. நீர்க் கிண்ணத்தை முதல்நாளே நீரோடு உறையவைத்துப் பொருத்தினால் ஏற்றும்போது சிந்தாது. பிறகு சிறிது சிறிதாகக் கரைந்து நாய்க்கு நெடுநேரம் உதவும். மீனுக்கு ஐஸ் உடைத்துப் பழகிய ஊரில் இது பெரிய வித்தையன்று.

பிரயாண காலத்தையும் யோசிக்கவேண்டும். கல்முனைக்கு ரயில் இல்லை. மட்டக்களப்போடு பாதை முடிந்துவிடுகிறது. ஆகவே மட்டக்களப்பு, பொலனறுவை, ஹபரணை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்காவுக்கு வேனிலே ஏழெட்டு மணி நேரப் பயணம். ஆனி, ஆடி மாதங்களிலே கச்சான் காற்று வீசும்போது நம் பகுதியில் நண்பகலிற் கதவைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்ததுபோல் இருக்கும். அந்தக் காலத்திலே பகலில் நாயை ஏற்றிப் புறப்படுவது அறிவன்று. மாலை ஏழு மணிக்குமேற் புறப்பட்டால் விடியுமுன் போய்விடலாம். ஹபரணைப் பாதையில் இரவிலே யானை குறுக்கிடும், அவசரப்படாமல் ஓட்டவேண்டும். நிறுத்தும் இடங்களில், அடைத்த வேனுக்குள் நாயை விட்டுவிட்டு எல்லாரும் தேநீருக்கு இறங்கிவிடுவது மிகப் பெரிய ஆபத்து. ஒருவராவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அருகிலிருக்கவேண்டும்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நம் நாட்டில் நீர்வெறுப்பு நோய் இன்னும் ஒழிந்தபாடில்லை; ஆகையால் வெளிநாடுகள் நம் நாய்களைச் சந்தேகத்தோடுதான் நோக்கும். முதலில் நாயின் தோலுக்கடியில் ஓர் அடையாளச் சில்லு வைக்கவேண்டும், பிறகு தடுப்பூசி. முறை மாறினால் அந்தத் தடுப்பூசி கணக்கில் வராது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கானால், தடுப்பூசி போட்டு 30 நாட்களுக்குப் பின் இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, எதிர்ப்புச் சக்தி போதிய அளவு இருக்கிறதென்று சான்று பெறவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். கடைசியாகக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அத்தாட்சிப் பத்திரம். எல்லாம் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகும். நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவதால், போகும் நாட்டின் தூதரகத்திலோ அரசாங்கத் தளத்திலோ விசாரித்தே தொடங்கவேண்டும்.

இந்த நாலைந்து மாதம் வீண்போக வேண்டியதில்லை. பெட்டியை முதல் மாதத்திலேயே செய்வித்து, கதவைக் கழற்றி, வீட்டு விறாந்தையிலே வைத்துவிடுங்கள். நாய்க்கு உணவை அதற்குள்ளே வையுங்கள். முதலில் அது முன்னங்காலை மாத்திரம் வைத்து, உணவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடும். ஒரு கிழமையில் உள்ளே நின்று உண்ணும். இன்னொரு கிழமையில் அங்கேயே உறங்கும். அதன்பின் கதவைப் பொருத்தி, ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி என்று அடைத்துப் பழக்கலாம். வீட்டார் உடுத்த பழைய சாரம் ஒன்றைத் துவைக்காமல் உள்ளே போட்டுவைத்தால் அந்த வாசனை அதற்குத் துணை. பழக்கப்படுத்தச் சோம்பல்பட்டுக் கடைசி நாளில் மயக்க மருந்து கொடுத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். மிருக வைத்தியர்கள் அதனை வன்மையாகக் கண்டிக்கிறார்கள். மயங்கிய நாயாற் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் முடியாது. பெட்டி ஆடும்போது தன்னை நிலைநிறுத்திக்கொள்ளவும் முடியாது. பல விமான நிறுவனங்கள் மயக்கமருந்து கொடுத்த நாயை ஏற்க மறுத்துவிடும்.

ஒரு பெட்டிக்கு ஒரு நாய்தான். பதினாலு கிலோவுக்கு உட்பட்ட சிறிய நாய்கள் இரண்டு, நெடுநாட் சிநேகமுடையவையானால், ஒன்றாகப் போகலாம். பெரிய நாய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பெட்டியின் வெளியே உயிர்ப்பிராணி என்னும் பச்சை அடையாளத்தையும், மேற்பக்கம் இதுவென்று காட்டும் அம்புக்குறியையும் பக்கங்களில் ஒட்டவேண்டும். நாயின் பெயரையும் பெரிதாக எழுதிவையுங்கள். சரக்கறை ஊழியர் ஒருவர் அதன் பெயரைச் சொல்லி அழைத்தால், அந்நிய இடத்திலே அதற்கு அது எவ்வளவோ தைரியம். கதவுக்குக் கொண்டி போதும். பிளாஸ்டிக் பட்டியாற் கட்டலாம். ஆமைப்பூட்டுப் போட்டுத் திறப்பைச் சட்டைப்பையிலே கொண்டுபோய்விடாதீர்கள்; அவசரத்துக்குத் திறக்கவேண்டி நேர்ந்தால் யார் திறப்பது?

கழுத்துப்பட்டையைத் தளர்த்தி விடுங்கள். கட்டும் வாரை உள்ளே போடக்கூடாது. அது வலையிற் சிக்கிக் கழுத்தை நெரிக்கலாம். அதனைச் சுருட்டிப் பெட்டியின் வெளிப்புறத்திலே ஒட்டி அனுப்புங்கள். ஏனெனில், அக்கரையில் இறங்கியதும் பெட்டியைத் திறப்பவர் தேடும் முதற்பொருள் அதுதான். பதினைந்து இருபது மணி நேரம் அடைபட்டுக் கிடந்த நாய் கதவு திறந்ததும் யாரென்று பாராமற் பாய்ந்து ஓடும். விமான நிலையத் தெருவிலே அதைத் துரத்திப் பிடிப்பது யாராலும் ஆகாது. கதவைக் கை நுழையுமளவு மாத்திரம் திறந்து, பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே வாரை மாட்டி, அதன் பின்னரே கதவை முழுதும் திறக்கவேண்டும்.